நின்றால் நூற்றிருபது

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

இதை உங்கள் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் கவரைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவான். பன்னிரண்டு நாளாக என் போனை அவன் எடுக்கவில்லை. உங்களைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

பாப்பாவின் கை எப்படி இருக்கிறது? மற்றதெல்லாம் அப்புறம். கட்டுப் போட்ட கையை வாயில் வைக்கிறாளா? எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறாள்?

நான் போனைப் பார்த்துக்கொண்டு அவளைக் கீழே விட்டேன் என்று அண்ணன் நினைக்கிறான். உடம்பு மெலிய வேண்டும் என்று பட்டினி கிடந்தேன் என்றும் சொன்னானாம். இரண்டும் இல்லை அண்ணி. சோபாவில் உட்கார்ந்து அவளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சிணுங்கினாள். தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, நாலு மாடி ஓடி ஏறி வந்தவள் மாதிரி. காதுக்குள் இரைச்சல். ஜன்னல் வெளுத்துப் போனது. கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். பாப்பா அலறிக்கொண்டிருந்தாள்.

இது அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. நாலு மாதமாக இருக்கிறது. எழுந்து நின்றால் படபடவென்று அடிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். ஆனால் ஒரு தடவைகூட நினைவு தப்பியதில்லை. அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நான் விழுவதற்கு முன்னால் நடந்தது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதை இப்போது கேட்கப்போவதில்லை.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 14

கடிதம் கிடைத்தது. இனி எழுதுவதானாலும் கம்பெனிக்கே எழுது. வீட்டில் உன் பேச்சை எடுத்தாலே உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

பாப்பாவுக்கு முழங்கைக்கு மேல் எலும்பில் விரிசல். மாவுக்கட்டு இன்னும் பத்து நாள் இருக்கும். வலது பக்கம் படுக்கிறாள். திரும்பும்போது கட்டு என் முகவாயில் இடிக்கிறது.

ஆஸ்பத்திரியில் "குழந்தை எப்படி விழுந்தது?" என்று மூன்று பேர் தனித்தனியாக எங்களைக் கேட்டார்கள். பெற்றவர்களே ஏதாவது செய்திருப்பார்களோ என்று ஒரு பார்வை. அந்தப் பார்வையை நீ பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம்.

நாலு மாதமாக இருந்தது என்கிறாய். அது தெரிந்தும் என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். இதற்கு நீ என்ன பதில் எழுதினாலும் எனக்குப் போதாது.

இன்னொன்று. நான் பம்பு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறவள். ஒரு நாளைக்கு அறுபது மோட்டார் என்னைத் தாண்டித்தான் வெளியே போகும். "நல்லா ஓடுது மேடம்" என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டேன். மீட்டர் சொல்ல வேண்டும். உன் விஷயத்திலும் அப்படித்தான். எந்த டாக்டரிடம் போனாய், என்ன சோதித்தார்கள், என்ன எண் வந்தது? அதை எழுது. படபடப்பு, இரைச்சல் போன்ற வார்த்தைகள் எனக்கு வேண்டாம்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

தெரிந்தும் ஏன் தூக்கினேன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே ஆயிரம் தடவை என்னை நானே கேட்டுக்கொண்டேன். அவள் கையை நீட்டினாள், தூக்கினேன்.

எண் கேட்டீர்கள். முதலில் எங்கள் தையல் கம்பெனியின் டாக்டர். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பாராசிட்டமால். கால் சுளுக்கினாலும் அதைத்தான் தருவார், எனக்கும் அதையே தந்தார். அடுத்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக். ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. நாடி 74. ரத்த அழுத்தம் 112க்கு 74. ரத்தத்தில் இரும்பு, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், எதிலும் குறை இல்லை. மூன்றாவது டாக்டர் மனசு விட்டுப் பேசச் சொன்னார். பேசினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டென்ஷன்தான்மா. கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். கல்யாணத்துக்கு எத்தனை நாள் மருந்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்க வாய் வரை வந்தது.

நான் கட்டிங் பிரிவில் இருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். எட்டு மணி நேரமும் மேஜை முன்னால் நின்றுதான் வெட்ட வேண்டும். நான் அடிக்கடி கீழே குந்துவதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். இரண்டு எச்சரிக்கை கொடுத்தாயிற்று. மூன்றாவதோடு வெளியே.

கேட்கமாட்டேன் என்று எழுதினேன். முடியவில்லை, கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு ஜன்னலோரம் நின்றபோது நான் கூப்பிட்டேன். "அண்ணி, எனக்கு ஒரு மாதிரி இருக்கு, பாப்பாவைக் கொஞ்சம் வாங்கிக்கோங்க" என்றேன். சமையலறையிலிருந்து "ஒரு நிமிஷம் இரு" என்றீர்கள். அண்ணனிடம் அதைச் சொன்னீர்களா?


பிப்ரவரி 25

தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. நீ என்ன சொன்னாய் என்பது என் காதில் விழவில்லை. இதற்குமேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

உன் எண்களைப் பார்த்தேன். நாடி 74 என்று எழுதியிருக்கிறாய். அப்போது நீ எப்படி இருந்தாய்? கட்டிலில் படுத்திருந்தாயா, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாயா? ஈசிஜி எடுக்கும்போது எப்படியும் படுக்கத்தான் வைத்திருப்பார்கள். நின்றால்தான் வருகிறது என்று சொல்லிக்கொண்டு போன ஒருத்தியை எல்லாரும் படுக்கவைத்தே பார்த்திருக்கிறார்கள்.

சும்மா ஓடவிட்டால் எந்த மோட்டாரும் நல்ல மோட்டார்தான். தண்ணீரை மேலே தூக்கச் சொல்லும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். லோடு கொடுக்காமல் எடுத்த அளவு எனக்குக் குப்பை.

நீ சொல்வதை நான் நம்பிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பொய்யா மெய்யா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், பத்து நிமிஷம் அசையாமல் படு. நாடியை எண்ணச் சொல். பிறகு எழுந்து, சாயாமல், நடக்காமல், பத்து நிமிஷம் நில். நிமிஷத்துக்கு ஒரு தரம் எண்ண வேண்டும். ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். நீயே எண்ணாதே, உன் அறையில் இருக்கிற பெண் எண்ணட்டும். எண்ணை உனக்குச் சொல்லக் கூடாது. பின்னால் கட்டில் இருக்கட்டும். கண் இருட்டினால் உடனே உட்கார். வீராப்பு வேண்டாம்.


மார்ச் 3

அண்ணிக்கு,

என் அறைத்தோழி பட்டன் பிரிவில் வேலை செய்கிறவள். நான் அவளை பட்டன் என்றே கூப்பிடுவேன். அவள்தான் எண்ணினாள். ரத்த அழுத்த மெஷினை மருந்துக்கடையில் கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கி வந்தாள்.

படுத்திருந்தபோது 72. எழுந்து நின்ற முதல் நிமிஷம் 104. மூன்றாவது நிமிஷம் 115. ஐந்தில் 120. ஏழில் 126. ரத்த அழுத்தம் விழவே இல்லை, 110லிருந்து 114 ஆனது, அவ்வளவுதான். எட்டாவது நிமிஷம் எண்ணவில்லை. "போதும்டி, உன் மூஞ்சி சாம்பல் மாதிரி ஆயிடுச்சு" என்று பட்டன் என்னைக் கட்டிலில் தள்ளிவிட்டாள். குனிந்து பார்த்தால் என் இரண்டு பாதமும் கத்திரிக்காய் நிறம்.

படுத்த இரண்டாவது நிமிஷம் 78.

பேப்பரைப் பார்த்துவிட்டு நான் அழுதேன் அண்ணி. பயத்தில் இல்லை. நான் நடிக்கவில்லை என்று எனக்கே அன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்தது.


மார்ச் 7

பாப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கை நேராக நீள்கிறது. முதலில் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஒரு தடவை எடுத்த அளவை நான் ஏற்கமாட்டேன். இன்னும் இரண்டு நாள், அதே நேரத்தில் எடு. எண்ணுகிற ஆளை மாற்று. பட்டனையும் அதேபோல் படுக்கவைத்து, நிற்கவைத்து எண்ணு. நல்ல மோட்டார் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால்தான் கெட்டது எவ்வளவு கெட்டது என்று தெரியும். நானும் இங்கே சாப்பாட்டு இடைவேளையில் டெஸ்டிங் மேஜைமேல் படுத்து எடுத்துக்கொண்டேன். படுத்தால் 68, நின்றால் 80. "மேடத்துக்கு வாரண்டி முடிஞ்சுபோச்சா?" என்று பசங்க சிரித்தார்கள்.

நாலு மாதம் என்றாயே, அதற்கு முன்னால் உனக்கு என்ன வந்தது? எழுது.


மார்ச் 13

அண்ணிக்கு,

நான் மோட்டார் இல்லை.

சொன்னபடி செய்தேன். இரண்டாம் நாள் படுத்தால் 70, நின்றால் 118. மூன்றாம் நாள் 74, 124. எண்ணியது மாடி வீட்டு அக்கா. பட்டனுக்கு 76, 88. முன்னால் வந்தது காய்ச்சல். செப்டம்பரில் இரண்டு வாரம் கிடந்தேனே, நீங்கள்கூட கஞ்சி கொடுத்தனுப்பினீர்களே. எழுந்து வேலைக்குப் போன வாரத்திலிருந்துதான் இது. போதுமா?

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். நேற்று முன்தினம் கட்டிங் மேஜையில் விழுந்துவிட்டேன். அறுபது மடிப்புத் துணியை அடுக்கி, மெஷின் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்தது. குந்தினால் மூன்றாவது எச்சரிக்கை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கத்தியிலிருந்து கையை எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு சாண் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு விரல் இருந்திருக்காது.

சூப்பர்வைசர் பயந்துபோய்க் கத்தினார். "ஒண்ணு சர்டிபிகேட் கொண்டா, இல்ல ராஜினாமா கொண்டா. மாசக் கடைசிக்குள்ள" என்றார். அவர்மேல் கோபம் இல்லை. அவருக்கு என்ன தெரியும்?

உங்கள்மேல்தான் கோபம். எண் கேட்டீர்கள், கொடுத்தேன். மறுபடி கேட்டீர்கள், மறுபடி கொடுத்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு நீங்கள் குழாய் திறந்திருந்தது என்கிறீர்கள். குழாய் திறந்திருக்கவில்லை அண்ணி. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால்தான் என் நெஞ்சடிப்பு எனக்கே கேட்டது.

விழுந்தது நான்தான். அந்தப் பழியை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் நான் கூப்பிடாமல் விழுந்தேன் என்று அண்ணன் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பான். அது பொய்.

இனி எழுதமாட்டேன்.


மார்ச் 18

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். நீ படிக்காமல் போட்டாலும் போட்டுவிடு.

குழாய் மூடித்தான் இருந்தது. நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. என் கையில் வேலை எதுவும் இல்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தேன்.

ஏன் வரவில்லை? நீ எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வந்ததிலிருந்து சோபாவைவிட்டு நீ எழவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை. நான் காலையில் வேலைக்குப் போய்விட்டு வந்து, உனக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தேன். நீ குழந்தையைத் தூக்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் "வாங்கிக்கோங்க" என்றாய். 'மகாராணிக்கு அஞ்சு நிமிஷத்துல கை வலிக்குதா, கொஞ்சம் வெச்சிருக்கட்டும்' என்று நினைத்தேன். அதுதான் அந்த ஒரு நிமிஷம். அதற்குள் சத்தம் கேட்டது.

நீ ஏன் உட்கார்ந்தே இருந்தாய் என்று இந்த எண்களைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் பொய் சொன்னதற்கு அது சமாதானம் ஆகாது. ஆஸ்பத்திரியில் மூன்று பேர் கேட்டார்கள் என்று எழுதினேனே, மூன்று பேரிடமும் நான் அந்தக் கூப்பிட்ட விஷயத்தைச் சொல்லவில்லை. பிறகு உன் அண்ணனிடமும் சொல்ல முடியவில்லை. உனக்கு வியாதி இல்லை, பொய் சொல்கிறாய் என்று நிரூபித்துவிட்டால் என் பொய் சின்னதாகிவிடும் என்றுதான் எண் கேட்டேன். தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடம் எல்லாம் சொன்னேன். உன் கடிதங்களையும் முன்னால் வைத்தேன். அவர் கத்தவில்லை. "ஆஸ்பத்திரியில அத்தனை பேர் கேட்டாங்களே, அப்பகூடவா சொல்லல?" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பாப்பாவிடம் பேசுகிறார், நான் கேட்க வேண்டியதையும் பாப்பாவிடமே சொல்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். நிற்கவைத்துப் பார்க்கிற சோதனை அங்கே உண்டாம், நானே நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். உன் எண்களை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். 24ஆம் தேதி காலை பத்து மணி. உன் பஸ் வந்து நிற்கும் இடத்தில் ஒன்பதுக்கே நிற்பேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் தாளை வாங்கிக்கொண்டு நீ மட்டும் உள்ளே போ. நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.


மார்ச் 29

அண்ணிக்கு,

அன்றைக்கு உங்களிடம் நான் பேசிய வார்த்தைகளை எண்ணினால் பத்து தேறாது. உள்ளே என்ன நடந்தது என்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சிலும் முழங்காலிலும் பட்டை போட்டுக் கட்டினார்கள். பிறகு கட்டிலையே நிமிர்த்தினார்கள். நான் கட்டிலோடு நின்றேன். படுத்திருந்தபோது 74. நாலாவது நிமிஷம் 119. ஒன்பதில் 129. ரத்த அழுத்தம் அசையவில்லை. கண் இருட்டியது. கீழே இறக்கச் சொல்லவில்லை, நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்ற கோபத்திலேயே பத்து நிமிஷமும் தாங்கிவிட்டேன். வீராப்புதான்.

அந்த டாக்டரம்மா உங்கள் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது யார் எழுதினது?" என்றார்.

"என் அண்ணி."

"நர்ஸா?"

"இல்ல டாக்டர். பம்பு செட்டு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இது பயமும் இல்ல, நடிப்பும் இல்லம்மா. நீ நிக்கும்போது ரத்தம் காலிலேயே தங்கிடுது. அதை மேல அனுப்ப இதயம் ஓட வேண்டியிருக்கு. காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வரும். இதயத்துல கோளாறு இல்ல." ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கட்டிக்கொள்ளும் மெஷினையும் கொடுத்தார். அதன் முடிவு நேற்று வந்தது. துடிப்பு வேகம்தான், தாளம் தப்பவில்லை.

உடனே சரியாகிற விஷயம் இல்லை என்றார். மாதக்கணக்கு ஆகலாம், வருஷமும் ஆகலாம். நிறையத் தண்ணீர், அவர் சொன்ன அளவு உப்பு, இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கிற காலுறை, படுத்துக்கொண்டே செய்கிற உடற்பயிற்சி, ஒரு சின்ன மாத்திரை. அந்த உறையைக் காலில் ஏற்றுவதே ஒரு உடற்பயிற்சி. பட்டன் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, தினமும் காலையில் எங்கள் அறையில் மல்யுத்தம்.

சர்டிபிகேட்டைக் கொடுத்தேன். சூப்பர்வைசர் இரண்டு தரம் படித்தார். வெட்டின துணியைச் சரிபார்க்கிற மேஜைக்கு என்னை மாற்றிவிட்டு, அவர் அறையிலிருந்த நாற்காலியை அவரே தூக்கி வந்து போட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கம்பெனி டாக்டரிடம் சொல்லத்தான் செய்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

நேற்று அண்ணன் போன் செய்தான். இரண்டு மாதம் கழித்து அவன் குரல். எழுந்து நின்று "அண்ணா" என்றேன். "நின்னுக்கிட்டா பேசுறே? உக்காரு" என்றான். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிட்டோம். உங்களோடு பேச ஆரம்பித்தானா? இல்லையென்றால் எழுதுங்கள், அவனுக்கு நான் எழுதுகிறேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். பேனா நகரவில்லை. திரும்பிப் போகும்போது பஸ் வரும்வரை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். கேட்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து, உங்கள் வாட்சைப் பார்த்து எண்ணினீர்கள். கையை உதறிவிடலாமா என்று நினைத்தேன். உதறவில்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் என்னால் முடியும்.

பாப்பாவைப் பார்க்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன். உட்கார இடம் இருக்கிற பஸ்ஸில்தான் ஏறுவேன், எத்தனை பஸ் போனாலும் சரி. அதனால் நேரம் சொல்ல முடியாது. ஆனால் வந்துவிடுவேன்.

உங்கள் நாத்தனார்